சாபி சாண்டுக்கு மூன்றாவது முறையா, ஜாம்பியாவின் லுவாங்வாவுக்கு முதல் முறையா?

கேள்வி சுருக்கமாக இது. தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட் வனவிலங்குக் காப்பகத்தில் ஒரே சஃபாரி லாட்ஜில் ஒரு தம்பதி இரண்டு ஆகஸ்ட் மாதங்கள் தங்கியிருக்கிறார்கள். இரண்டு முறையும் சிறுத்தைகளை நிறையப் பார்த்தார்கள், கைடும் அருமையாக அமைந்தார். அடுத்த ஆண்டு எட்டு இரவுகளுக்கு விடுப்பும் பணமும் இருக்கிறது. மறுபடி அங்கேயே போகலாமா, அல்லது இவ்வளவு பெரிய கண்டத்தில் ஒரே இடத்துக்கு மூன்றாம் முறை போவது வீணா?

வீண் இல்லை. ஆனால் ‘அதே லாட்ஜ்’ என்று நீங்கள் சொல்வதற்குள் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன: அந்த நிலம், நீங்கள் போன பருவம், உங்களை அழைத்துப்போன கைடு. கட்டிலும் குளியலறையும் இரவுச் சாப்பாடும் அந்த விலைக்கு எந்த நல்ல லாட்ஜிலும் கிடைத்துவிடும். அந்த மூன்றில் எது உங்களைத் திரும்ப இழுக்கிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டு முறையும் ஆகஸ்டிலேயே போயிருப்பதால், அந்த நிலத்தின் ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். என் அழுத்தமான கருத்து: லாட்ஜை மாற்றுவதற்கு முன் மாதத்தை மாற்றுங்கள்.

(இங்கே சிறுத்தை என்று நான் சொல்வது லெப்பர்டை. சீட்டாவைச் சிவிங்கி என்கிறேன். இரண்டையும் குழப்பிக்கொண்டு முன்பதிவு செய்து ஏமாந்தவர்கள் உண்டு, ஏனென்றால் ஒன்றுக்கு நல்ல இடம் மற்றதற்கு அப்படி இருக்காது.)

முதலில் நிலம். சாபி சாண்ட் சுமார் 65,000 ஹெக்டேர் தனியார் காப்பகம். க்ரூகர் தேசியப் பூங்காவுக்கும் அதற்கும் இடையிலிருந்த வேலி 1993ல் அகற்றப்பட்டது. அதனால் விலங்குகள் தடையின்றி வந்துபோகின்றன. ஆனால் உள்ளே லாட்ஜ்களின் வண்டிகள் அப்படிப் போக முடியாது. ஒவ்வொரு லாட்ஜுக்கும் வண்டி ஓட்ட உரிமையுள்ள நிலம் இவ்வளவு என்று எல்லை உண்டு. நீங்கள் வாங்குவது அறையை அல்ல, அந்த எல்லைக்குள் சுற்றும் உரிமையை.

அந்த நிலத்துக்குத் திரும்பப் போவதில் உண்மையான லாபம் சிறுத்தைகளிடம்தான் இருக்கிறது. பெண் சிறுத்தை தன் எல்லையைப் பல ஆண்டுகள் காத்துக்கொள்கிறது. அதன் மகள் பெரும்பாலும் தாயின் நிலத்தை ஒட்டியே தன் இடத்தை அமைத்துக்கொள்கிறது, சில நேரம் தாயே தன் நிலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறது. ஆண் குட்டிகள்தான் தூரம் போகின்றன. ஆகவே நீங்கள் முதல் பயணத்தில் பார்த்த சிறுத்தையை, அல்லது அதன் மகளை, மூன்றாவது பயணத்தில் பார்க்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது. கைடுகள் முகத்தில் மீசைக் கோட்டுக்கு மேலே உள்ள புள்ளிகளை இருபுறமும் எண்ணி அடையாளம் வைக்கிறார்கள், வலப்புறம் மூன்று இடப்புறம் இரண்டு என்பதுபோல. உங்கள் பழைய படங்களைப் பெரிதாக்கி இந்தப் புள்ளிகளை எண்ணி வையுங்கள். அந்தப் படங்களைக் கையோடு கொண்டுபோனால் கைடு அந்தக் குடும்பத்தின் கதையை எடுத்துச் சொல்வார். புது இடத்தில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் இது கிடைக்காது.

சிங்கங்களை நம்பி இப்படித் திரும்பப் போக வேண்டாம். ஆண் சிங்கக் கூட்டணிகள் ஒரு நிலத்தைப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள்தான் வைத்திருக்கின்றன. புதியவை வந்தால் சின்னக் குட்டிகளைக் கொன்றுவிடும், பெண் சிங்கங்கள் சிதறும், கூட்டத்தின் முகமே மாறிவிடும். 2006 வாக்கில் சாபி சாண்டுக்குள் நுழைந்த மபோகோ என்ற ஆறு ஆண் சிங்கங்கள் சில ஆண்டுகளில் அந்தப் பகுதிச் சிங்கக் கூட்டங்களையே புரட்டிப்போட்டன. காட்டுநாய்கள் இன்னும் நிச்சயமற்றவை. குளிர்காலத்தில் குட்டி போட வளை பிடிக்கும், ஆனால் அவை சுற்றித்திரியும் பரப்பு பல நூறு சதுர கிலோமீட்டர். போன ஆகஸ்டில் உங்கள் லாட்ஜின் எல்லைக்குள் இருந்த வளை, அடுத்த ஆண்டு பக்கத்து நிலத்தில் இருக்கலாம். போன முறை அதைப் பார்த்தது அதிர்ஷ்டம். அதை எதிர்பார்த்துப் போனால் மனம் நோகும்.

அடுத்து பருவம். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

ஆகஸ்டில் அந்தக் காடு வறண்டு, புல் தேய்ந்து, புதர்களில் இலை குறைந்து நிற்கும். தண்ணீர் இருக்கும் இடங்கள் சில மட்டுமே, விலங்குகள் அங்கே கூடும். காலையில் குளிர் 8 முதல் 10 டிகிரி வரை இறங்கும், திறந்த வண்டியில் காற்றோடு சேர்ந்து இன்னும் கடுமையாக உறைக்கும். விலங்கு பார்க்க இதுதான் எளிதான காலம், சந்தேகமில்லை. ஆனால் இரண்டு முறை அந்த எளிமையை அனுபவித்தாயிற்று.

அதே நிலத்துக்கு நவம்பர் கடைசியில் அல்லது டிசம்பர் தொடக்கத்தில் போய்ப் பாருங்கள். முதல் மழைகள் விழுந்திருக்கும், மண் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியிருக்கும். நவம்பர் நடுவிலிருந்து இம்பாலா மான்கள் ஒரே அலையாகக் குட்டி போடும். சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கில் பிறப்பதால்தான் அவற்றில் பல பிழைக்கின்றன. சிறுத்தைக்கும் கழுதைப்புலிக்கும் காட்டுநாய்க்கும் அதுவே விருந்துக்காலம். வலசைப் பறவைகள் வந்திருக்கும், மரமீன்கொத்தியின் கூவல் நாள் முழுக்கக் கேட்கும். சாணவண்டு, ஆமை, மழைக்குப் பின் புற்றிலிருந்து கிளம்பும் ஈசல், ஓணான் என்று ஆகஸ்டில் கண்ணில் படாத உயிர்கள் தரையில் நிறைந்திருக்கும். வானம் படம் எடுப்பவர்களுக்கு வேறு விதமாக அமையும்: மதியத்துக்குப் பின் திரளும் கருமேகம், அதன் கீழே சாய்வாக வரும் வெளிச்சம்.

தடம் பார்ப்பதிலும் வித்தியாசம் உண்டு. வறண்ட காலத்தில் புழுதியில் நேற்றைய தடம், முந்தாநாள் தடம், வண்டிச் சக்கரம் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். இரவு மழை பெய்தால் பழைய தடமெல்லாம் அழிந்து, காலையில் காண்பதெல்லாம் புதுத் தடமாக இருக்கும். வண்டியின் முன்பக்கம் தனி இருக்கையில் உட்காரும் ட்ராக்கரின் திறமை அப்போதுதான் முழுதாகத் தெரியும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். புல் உயரம், புதர் அடர்த்தி, 20 அடியில் படுத்திருக்கும் சிறுத்தை தெரியாமல் போகலாம். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும். மழை கொட்டினால் ஒரு டிரைவ் (காலை அல்லது மாலை வண்டிச் சுற்று) போய்விடும். ஆகஸ்டில் எட்டு இரவில் பார்த்த அளவுக்கு நவம்பரில் பெரிய விலங்குகளை எண்ணிப் பார்க்க முடியாது. முதல் முறை போகிறவருக்கு நான் இந்த மாதத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றாவது முறை போகிறவருக்கு இதுவே சரி. நாளின் தாளமும் மாறும்: குளிர்காலத்தில் ஆறு மணிக்கு மேல் கிளம்புவீர்கள், கோடையில் ஐந்து, ஐந்தரைக்கே வண்டி புறப்பட்டுவிடும், மாலை டிரைவ் நான்கரை வாக்கில்தான் தொடங்கும். நடுப்பகல் ஓய்வு நீளம், ஆகவே அறையில் நிழலும் குளிர்ச்சியும் உள்ளதா என்பது ஆகஸ்டைவிட முக்கியமாகிவிடும்.

பருவம் ஒரே இடத்தை எப்படி இரண்டு இடமாக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டா. அங்கோலா மலைகளில் ஜனவரி, பிப்ரவரியில் பெய்யும் மழை மெல்ல நகர்ந்து, டெல்டாவின் பெரும்பகுதியை ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் நிரப்புகிறது. அதாவது அங்கே மழையே இல்லாத காலத்தில்தான் வெள்ளம் ஏறுகிறது. மார்ச்சில் ஜீப்பில் கடந்த புல்வெளியை ஜூலையில் மொகோரோ ஓடத்தில் கடக்கலாம். அப்படிப்பட்ட கேம்புக்கு இரண்டாம் முறை போவது, மாதம் மாறினால், புது கேம்புக்குப் போவதற்குச் சமம்.

மூன்றாவது, கைடு. உங்கள் கேள்வியின் மையம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நல்ல நிலத்தில் சுமாரான கைடோடு போவதைவிடச் சுமாரான நிலத்தில் நல்ல கைடோடு போவதே மேல். உங்களை ஏற்கெனவே அறிந்தவர் என்றால், சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்ற ஐந்து பெரிய விலங்குகளைத் தேடி ஓட வேண்டிய அவசரம் அவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. கழுதைப்புலி வளை முன்னால் ஒரு முழுக் காலையை உட்கார்ந்து கழிக்கலாம். வண்டியை விட்டிறங்கித் தடம் பார்க்கலாம். பறவைக்காக நிற்கலாம்.

ஆனால் இங்கேதான் அதிகம் தவறும் நடக்கிறது. தென்னாப்பிரிக்க லாட்ஜ்களில் கைடுகள் பொதுவாக ஆறு வாரம் வேலை, இரண்டு வாரம் விடுப்பு என்ற சுழற்சியில் இருக்கிறார்கள். ஆகவே நான்கு பயணத்தில் ஒன்று, கைடு ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில் விழும். பணம் கட்டிவிட்டு ‘அவரையே கொடுங்கள்’ என்று கேட்டால் லாட்ஜ் என்ன செய்யும்? முன்பணம் கட்டும் முன்பே எழுதிக் கேளுங்கள். விடுப்பு அட்டவணை இன்னும் போடவில்லை என்றால், போட்டதும் தேதியை இரண்டொரு நாள் முன்பின் நகர்த்த இடம் வைத்து முன்பதிவு செய்யுங்கள். அவர் இல்லாவிட்டால் யார் என்று இரண்டாவது பெயரையும் வாங்குங்கள். ட்ராக்கரையும் மறக்க வேண்டாம். பல லாட்ஜ்களில் கைடும் ட்ராக்கரும் ஜோடியாக வேலை செய்பவர்கள், ஜோடி பிரிந்தால் பழைய ருசி வராது.

கைடு வேலையை விட்டுப் போயிருக்கலாம், தலைமைக் கைடாகி வண்டி ஓட்டுவதைக் குறைத்திருக்கலாம், வேறு லாட்ஜுக்கு மாறியிருக்கலாம். மாறியிருந்தால், லாட்ஜை விட்டுவிட்டுக் கைடின் பின்னால் போங்கள். அது புது இடத்தைத் தேர்ந்தெடுக்க மிகச் சரியான காரணம்.

இன்னொரு சிக்கல், வண்டியில் உங்களோடு உட்கார்பவர்கள். மூன்றாம் முறை வரும் நீங்களும் முதல் முறை வரும் நான்கு பேரும் ஒரே வண்டியில் இருந்தால், அவர்களுக்குச் சிங்கமும் யானையும் முதலில் காட்ட வேண்டும், அது அவர்களின் உரிமையும்கூட. உங்களுக்குப் பிடித்த நிதானம் அங்கே நடக்காது. தனி வண்டி எடுக்க முடிந்தால் எட்டு இரவைவிட ஐந்து இரவும் தனி வண்டியும் நல்ல பேரம். முடியாவிட்டால் ஒரு வண்டிக்கு ஆறு பேர் என்று கட்டுப்படுத்தும் லாட்ஜா, மூன்று வரிசையில் ஒன்பது பேர் ஏற்றும் லாட்ஜா என்று பாருங்கள். கூட்டம் குறைந்த மாதத்தில் போனால் இந்தச் சிக்கல் பாதியாகக் குறையும். மாதத்தை மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

லாட்ஜின் பெயர் மாறாமல் உள்ளே எல்லாம் மாறியிருக்கக்கூடும். பக்கத்து நிலத்தோடு இருந்த ஒப்பந்தம் முடிந்து, வண்டி ஓட்டும் நிலம் பாதியாகச் சுருங்கியிருக்கலாம். பத்து அறைக்குப் பதிலாகப் பதினாறு அறை ஆகியிருக்கலாம். இயற்கையும் மாற்றும்: 2000 பிப்ரவரியிலும் 2012 ஜனவரியிலும் பெரு வெள்ளம் க்ரூகரையும் அதை ஒட்டிய காப்பகங்களையும் அடித்துக்கொண்டு போனது, ஆற்றங்கரை மரங்களும் தரைப்பாலங்களும் போயின. 2015, 2016 வறட்சியில் எருமைகளும் நீர்யானைகளும் பெருமளவில் செத்தன, சிங்கத்துக்கு அது கொழுத்த காலமாயிற்று. ஒரே நிலம் என்றாலும் ஆண்டுக்கு ஆண்டு வேறு நிலம்.

இப்போது புது இடம் பற்றி. புதிது தேடுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, பழையதுபோலவே இருக்கும் இடத்துக்குப் போவது. சாபி சாண்டிலிருந்து வடக்கே டிம்பாவட்டி என்ற தனியார் காப்பகத்துக்குப் போனால் அதே க்ரூகர் விலங்குகள், ஏறக்குறைய அதே மரங்கள், அதே திறந்த வண்டி, அதே ஐந்து பெரிய விலங்குகள். நல்ல இடம்தான், ஆனால் நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்துக்குப் புதிதாகக் கிடைப்பது நாற்காலியும் சாப்பாட்டுப் பட்டியலும். புதிது என்றால் வாழிடமும் காட்டைப் பார்க்கும் முறையும் மாற வேண்டும். நடந்து பார்ப்பதா, படகில் பார்ப்பதா, திறந்த சமவெளியா, பாலைவனமா என்று கேளுங்கள்.

சிறுத்தை ஆசை உள்ள உங்களுக்கு நான் சொல்வது ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா. சுமார் 9,050 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. லுவாங்வா ஆறு வளைந்து வளைந்து ஓடி, கைவிட்ட வளைவுகளைக் குளங்களாக விட்டுச் செல்கிறது, அந்தக் குளங்களைச் சுற்றிய காட்டில் சிறுத்தைகள் அதிகம். வனவிலங்குக் காவலரான நார்மன் கார் என்பவர் 1950ல் இனத்தலைவர் நெசெஃபுவின் ஒப்புதலோடு குண்டா மக்களின் நிலத்தில் பார்வையாளர்களை அழைத்துவரத் தொடங்கினார், வருமானத்தில் சமூகத்துக்கும் பங்கு. நடைசஃபாரி வளர்ந்த மண் இது. காலையில் துப்பாக்கி ஏந்திய வனத்துறைக் காவலர் முன்னால், பின் கைடு, பின் நீங்கள், ஒற்றை வரிசையில் மூன்று நான்கு மணி நேரம். பொதுவாக 12 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. சாபி சாண்டில் ஒரு யானையை வண்டியிலிருந்து பார்த்த அனுபவத்துக்கும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று சாம்பல் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே அதே யானையைச் சுற்றிக் கடப்பதற்கும் ஒப்பிட எதுவும் இல்லை. உடல்தகுதி பெரிதாக வேண்டியதில்லை, நிதான நடைதான். ஆனால் முழங்கால் தொந்தரவு இருப்பவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நீர்யானைத் தடங்கள் காய்ந்து இறுகிய தரை கால் புரளச் செய்யும்.

அங்கே இல்லாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். தெற்கு லுவாங்வாவில் காண்டாமிருகம் இல்லை, கள்ளவேட்டையில் அழிந்துவிட்டது. சிவிங்கி பார்ப்பது எதிர்பார்க்கக்கூடாதது. பதிலாக, இந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய தார்னிக்ராஃப்ட் ஒட்டகச்சிவிங்கியும் குக்சன் வில்டபீஸ்டும் (மாடுபோல் தோன்றும் பெரிய மான்) உண்டு, பூக்கு மான்கள் கூட்டம் கூட்டமாக மேயும். சாபி சாண்ட் பழக்கத்தோடு வருகிறவருக்கு முதலில் அதிர்ச்சி தருவது வேறொன்று: இங்கே வண்டி பாதையை விட்டு இறங்கக் கூடாது. சாபி சாண்டில் சிறுத்தை புதருக்குள் போனால் வண்டியும் பின்னால் போகும். லுவாங்வாவில் அது போய்விட்டால் போனதுதான். இது தெரியாமல் வந்தவர் ‘கைடு சரியில்லை’ என்று முடிவு கட்டுவார். ஈடாக இங்கே ஸ்பாட்லைட்டோடு இரவு டிரைவ் உண்டு, எட்டு மணிக்குள் திரும்ப வேண்டும், சிறுத்தை வேட்டைக்குக் கிளம்பும் நேரமும் அதுதான். பூங்காவின் முக்கிய நுழைவாயிலான ம்ஃபூவேயை ஒட்டிய பகுதியில் உச்சக்காலத்தில் ஒரு சிறுத்தையைச் சுற்றிப் பல வண்டிகள் நிற்கும். நெசெஃபு பகுதியிலும் தெற்கே உள்ள சிறு புதர்க் கேம்புகளிலும் அமைதி அதிகம். அந்தப் புதர்க் கேம்புகள் பலவும் ஓலையும் நாணலும் கொண்டு ஆண்டுதோறும் புதிதாகக் கட்டப்படுபவை, மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள்.

மாதம் என்று பார்த்தால், ஜூன், ஜூலை குளிர்ச்சி, நடக்க இதமாக இருக்கும். செப்டம்பரில் செந்நிறப் பஞ்சுருட்டான்கள் ஆற்றங்கரை மண்சுவர்களில் ஆயிரக்கணக்கில் பொந்து தோண்டும். அக்டோபரில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும், ஆறு ஒல்லியாகும், விலங்குகள் நெருங்கி நிற்கும். செட்சி ஈக்கள் கடிக்கும், கருநீலமும் கறுப்பும் அவற்றை ஈர்ப்பதால் அந்த நிற உடைகளைத் தவிர்க்கவும்.

எட்டு இரவை எப்படிப் பிரிப்பது என்பதற்குக் கணக்கு எளிது. ஒரே லாட்ஜில் எட்டு இரவு தங்கினால் 16 டிரைவ் கிடைக்கும்: வந்த அன்று மாலை ஒன்று, நடுவில் ஏழு நாளுக்கு இரண்டிரண்டு, கிளம்பும் அன்று காலை ஒன்று. ஒரு நாட்டுக்குள் பக்கத்து கேம்புக்கு மாறினால், காலை டிரைவுக்குப் பின் விமானம், மாலை டிரைவுக்கு முன் இறக்கம் என்று அமைந்தால் இழப்பில்லை. நாடு மாறினால் கதை வேறு. சாபி சாண்டை ஒட்டிய ஸ்குகூஸா விமான நிலையத்திலிருந்து ஜோஹனஸ்பர்க் சுமார் ஒரு மணி நேரம், அங்கிருந்து ஜாம்பியாவின் தலைநகர் லுசாகா இரண்டு மணி நேரம், லுசாகாவிலிருந்து ம்ஃபூவே ஒரு மணி நேரத்துக்கு மேல். காத்திருப்பையும் சேர்த்தால் ஒரே நாளில் ஒட்டுவது அரிது. ஒரு இரவு நகர ஓட்டலில் போகும். அதாவது எட்டில் ஏழுதான் காட்டுக்கு, 14 டிரைவ். மூன்று இடமாகப் பிரித்தால் இன்னும் குறையும், ஒவ்வொரு இடத்திலும் முதல் மாலை இடத்தைப் புரிந்துகொள்வதிலேயே போய்விடும். ஆகவே எட்டு இரவுக்கு அதிகபட்சம் இரண்டு இடம், எதிலும் மூன்று இரவுக்குக் குறையக் கூடாது.

என் பரிந்துரை இரண்டில் ஒன்று. உங்கள் கைடு வேலையில் இருக்கிறார், தேதியும் ஒத்துவருகிறது என்றால், நவம்பர் கடைசி வாரத்தில் எட்டு இரவும் பழைய லாட்ஜிலேயே இருங்கள். நீண்ட தங்கலுக்கு ‘நான்கு இரவுக்கு மூன்று இரவுக் கட்டணம்’ போன்ற சலுகை சில லாட்ஜ்களில் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். புதிது பார்க்கும் ஆசை அடங்கவில்லை என்றால், அக்டோபர் பிற்பாதியில் முதலில் லுவாங்வா நான்கு இரவு, பின் ஒரு இரவு நகரத்தில், கடைசியில் சாபி சாண்ட் மூன்று இரவு. பழைய இடம் கடைசியில் இருக்க வேண்டும். வெயிலில் நடந்து களைத்து வருகிறவருக்கு அறிமுகமான இடம்தான் ஓய்வு. புது இடம் ஏமாற்றினாலும் பயணம் கசப்பில் முடியாது. தலைகீழாக வைத்தால், சாபி சாண்டில் ஐந்து மீட்டரில் சிறுத்தை பார்த்த கண்ணோடு லுவாங்வாவில் இறங்கி, முதல் இரண்டு நாளும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

கைடும் போய்விட்டார், லாட்ஜின் நிலமும் சுருங்கிவிட்டது என்று பதில் வந்தால் தயங்க வேண்டாம். எட்டு இரவையும் லுவாங்வாவுக்கே கொடுங்கள், ம்ஃபூவே பக்கம் நான்கு, தெற்குப் புதர்க் கேம்பில் நான்கு. அங்கே ஒரு கேம்பிலிருந்து அடுத்த கேம்புக்கு வண்டியிலேயே போகலாம் என்பதால் டிரைவ் எதுவும் வீணாகாது.

கென்யாவை யாராவது சொல்வார்கள். மாசாய் மாரா திறந்த சமவெளி, சிவிங்கிக்கு நல்லது, ஜூலை முதல் அக்டோபர் வரை வில்டபீஸ்ட் கூட்டங்கள் ஆறு கடக்கும். ஆனால் காப்பகத்துக்குள் வண்டிக் கூட்டம் சாபி சாண்ட் பழகியவரைத் துன்புறுத்தும். போவதானால் காப்பகத்தை ஒட்டிய நபோய்ஷோ, ஓலாரே மோடோரோகி, மாரா நார்த் போன்ற கன்சர்வன்சிகளில் (உள்ளூர் மக்களின் நிலத்தில் அமைந்த தனிக் காப்பகங்கள்) தங்குங்கள். அங்கே கூடாரங்களின் எண்ணிக்கைக்கும் ஒரு விலங்கைச் சுற்றி நிற்கும் வண்டிகளுக்கும் வரம்பு உண்டு, பாதை விட்டு இறங்கவும் இரவு டிரைவுக்கும் அனுமதி உண்டு. 2024 முதல் காப்பக நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். லாட்ஜ் கட்டணத்தில் இது அடங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கென்யா போய்விட்டு இந்தியா திரும்பவும், கென்யாவில் தங்கிவிட்டோ விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோ தென்னாப்பிரிக்கா போகவும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். ஊசி பயணத்துக்கு 10 நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும்.

எந்த வழி எடுத்தாலும், பணம் கட்டும் முன் இரண்டு லாட்ஜுக்கும் ஒரே மின்னஞ்சலில் இவற்றைக் கேளுங்கள்: நீங்கள் சொல்லும் தேதியில் கைடு யார், வண்டி ஓட்ட உரிமையுள்ள நிலம் எத்தனை ஹெக்டேர், கடந்த இரண்டு ஆண்டில் அது மாறியதா, ஒரு வண்டியில் எத்தனை பேர், ஒரு விலங்கருகே எத்தனை வண்டி நிற்கலாம், பாதையை விட்டு இறங்க அனுமதி உண்டா, அந்த வாரத்தில் கட்டட வேலை நடக்கிறதா, நடக்க அழைத்துப்போவார்களா, அதற்குத் தகுதி பெற்ற கைடு அன்று இருப்பாரா. கைடின் தகுதியைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் ஃபகாசா (FGASA) என்ற கைடுகள் சங்கத்தின் படிநிலைகள், கென்யாவில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற தேர்வுகள், ஜிம்பாப்வேயில் பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின் கிடைக்கும் உரிமம் என்று முறைகள் இருக்கின்றன. நிலத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் சுற்றி வளைத்துப் பதில் வந்தால், அது சுருங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

விசாவில் ஒரு பொறி உண்டு. தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைந்து, ஜாம்பியாவோ போட்ஸ்வானாவோ போய், மறுபடி தென்னாப்பிரிக்காவுக்குள் வருவதானால் பலமுறை நுழையும் விசா வேண்டும். மேலே சொன்ன வரிசையில் லுவாங்வா முதலில் என்பதால், ஜோஹனஸ்பர்க்கில் குடியேற்றம் தாண்டாமல் விமானம் மாறும்படி டிக்கெட் எடுத்தால் ஒற்றை நுழைவே போதும். நகரத்தில் தங்கும் இரவையும் லுசாகாவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு இடமும் மலேரியாப் பகுதி. மருத்துவரிடம் முன்பே மாத்திரை வாங்குங்கள். அடோவாகுவோன்–ப்ரோகுவானில் என்றால் திரும்பி வந்த பின்னும் 7 நாள், டாக்சிசைக்ளின் என்றால் 4 வாரம் தொடர வேண்டும், பாதியில் நிறுத்துவதுதான் பலருக்கும் நடக்கும் தவறு. சிறு விமானத்தில் ஏறும்படி பயணம் அமைந்தால், சக்கரமில்லாத மென்மையான பையில் பெரும்பாலும் 15 முதல் 20 கிலோதான், கேமராவும் அதற்குள் அடக்கம்.

வேலையை இந்த வரிசையில் தொடங்குங்கள்: முதலில் பழைய லாட்ஜுக்கு எழுதிக் கைடின் விடுப்பு வாரங்களை வாங்குங்கள். அந்தத் தேதியை நிலையாக வைத்து லுவாங்வா கேம்பில் இடம் கேளுங்கள், ஏனென்றால் பத்துப் பன்னிரண்டு படுக்கைகளே உள்ள கேம்பில்தான் இடம் முதலில் தீரும். இரண்டும் உறுதியான பிறகே சர்வதேச டிக்கெட் எடுங்கள். பலரும் மலிவான டிக்கெட்டைக் கண்டு அதை முதலில் எடுத்துவிட்டு, கைடு ஊரில் இல்லாத வாரத்தில் போய் இறங்குகிறார்கள்.